கீல்: கதவின் மூட்டு

சமையலறை அலமாரியின் கதவு சரியாகச் சேரவில்லை என்றால் வீட்டில் என்ன சொல்கிறோம்? ‘கதவு இறங்கிருச்சு’, ‘கதவு இடிக்குது’, ‘கதவு ஒட்டவே மாட்டேங்குது’. எப்படிச் சொன்னாலும் பழி கதவின் மேல்தான். ஆனால் பலகை பெரும்பாலும் நேராகத்தான் இருக்கும். தளர்ந்திருப்பது அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன இரும்பு உறுப்பு. அதன் பெயர் கீல். இன்று கடையிலும் தச்சுப் பட்டறையிலும் ‘ஹிஞ்ச்’, ‘இஞ்சஸ்’ என்ற பேச்சுதான் அதிகம். ‘கீல்’ என்று கேட்டால் பழைய பட்டைக் கீலை எடுத்து நீட்டுகிறார்கள். புது வகைக்கெல்லாம் ஆங்கிலப் பெயர் மட்டும் என்று ஆகிவிட்டது. இந்தச் சொல்லை அப்படி ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கட்சி.

கீல் என்றால் மூட்டு. கதவுக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் அதே சொல்தான். கீல்வாதம், கீல்வாயு என்று மூட்டு நோயைச் சொல்கிறோமே, அந்தக் கீல் இதுவே. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கீலு’ என்றால் உடல் மூட்டுதான். நம் பள்ளி அறிவியல் பாடத்தில் முழங்கை, முழங்கால் இரண்டும் ‘கீல் மூட்டு’ என்று வரும். கதவைப் போல ஒரே பக்கமாக மடங்குவதால் அந்தப் பெயர். உடம்பிலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து மறுபடி உடம்புக்கும் இந்தச் சொல் போய் வந்திருக்கிறது.

எழுத்தில் ஒரு கவனம் வேண்டும். ‘கீழ்வாதம்’ என்று பலர் எழுதுகிறார்கள், அது பிழை. கீழே என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கீல் என்றே இன்னொரு பெயர்ச்சொல்லும் உண்டு. அது நாம் இன்று தார் என்று சொல்லும் பொருள். வடிவம் ஒன்று, பொருள் வேறு. வடமொழியில் ‘கீல’ என்றால் முளை, ஆப்பு. இந்தியில் ‘கீல்’ என்றால் ஆணி. ஒலியும் பொருளும் பக்கத்தில் வருவதால் இதைக் கடன்சொல் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. நான் தள்ள மாட்டேன். அங்கே அது குத்தி நிற்கும் பொருள். தமிழில் அது இரண்டு உறுப்பு சேர்ந்து அசையும் இடம். அந்தப் பொருளோடு நம் உடம்புவரை ஊறிவிட்ட சொல் இது.

இரும்புக் கீல் வருவதற்கு முன் கதவு எப்படித் திரும்பியது? கதவுப் பலகையின் ஒரு பக்க ஓரத்தில் மேலும் கீழும் மரத்திலேயே முனை நீட்டிச் செதுக்கிவிடுவார்கள். மேல்முனை நிலையின் துளையிலும், கீழ்முனை தரையிலுள்ள குழியிலும் அமர்ந்து சுழலும். அந்த முனைக்குக் குடுமி என்று பெயர். தலையின் உச்சி, மலையின் உச்சி, கதவின் முனை எல்லாம் குடுமிதான். இன்னும் சில பழைய வீடுகளில் குடுமிக் கதவைப் பார்க்கலாம். திறக்கும்போது முனகும் அந்த ஒலியே தனி.

கதவு பொருந்துவதைப் பற்றிய மிக அழகான தமிழ் வரி என்று எனக்குத் தோன்றுவது நெடுநல்வாடையில் இருக்கிறது. அரண்மனை வாயிலின் இரட்டைக் கதவைச் சொல்லும் இடத்தில், ‘கைவல் கம்மியன் முடுக்கலின் புரை தீர்ந்து’ என்று வரும். கைத்திறமுள்ள தச்சன் முடுக்கியதால் இடைவெளியே இல்லாமல் பொருந்தியது என்று பொருள். புரை என்றால் உள்ளீடற்ற வெற்றிடம், இடுக்கு. புண் ‘புரையோடியது’ என்கிறோமே, அது. ‘புரைதீர்ந்த நன்மை’ என்ற குறளில் அதே சொல் குற்றம் என்ற பொருளுக்கு நகர்ந்திருக்கிறது. முடுக்குதல் இன்றும் மாறவில்லை. ‘ஸ்குரூவை நல்லா முடுக்கு’ என்று சொல்கிறோம் அல்லவா?

ஆங்கிலத்தின் ‘ஹிஞ்ச்’ தொங்குவதைக் குறிக்கும் ‘ஹேங்’ என்ற சொல்லின் உறவு. கதவு எதில் தொங்குகிறதோ அது ஹிஞ்ச். இலங்கைத் தமிழர் சொல்வது பிணைச்சல். கதவையும் நிலையையும் பிணைப்பது. நல்ல தமிழ், வேரும் தெளிவு. ஒருவர் தொங்குவதைப் பார்க்கிறார், ஒருவர் கட்டுவதைப் பார்க்கிறார், நாம் மூட்டைப் பார்க்கிறோம். கதவு கெட்டால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை மூட்டு என்ற பார்வைதான் எனக்கு நேராகக் காட்டுகிறது. (கப்போர்டை ‘கபாட்’ என்று சொல்லிவிட்டு, அது கபாடத்திலிருந்து வந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. கபாடம் என்றால் கதவு. கப்போர்டு கோப்பை வைக்கும் பலகை. தொடர்பில்லை. அலமாரி என்பதோ போர்த்துகீசியர் தந்தது.)

சரி, இப்போதைய சமையலறைக்கு வருவோம். கதவை மூடினால் வெளியே தெரியாத கீல்தான் இன்று எங்கும். இதை மறைகீல் என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. கதவின் உள்பக்கம் 35 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டக் குழி குடைந்து, அதில் கீலின் கிண்ணத்தை அமர்த்துவார்கள். கிண்ணத்திலிருந்து வரும் கை, பெட்டியின் பக்கப்பலகையில் உள்ள அடித்தட்டில் மாட்டிக்கொள்ளும். கடையில் 0, 8, 16 கிராங்க் (கீலின் கையில் உள்ள வளைவு) என்று கேட்பார்கள். கதவு பக்கப்பலகையை முழுதும் மூடினால் 0, பாதி மூடினால் 8, சட்டத்துக்கு உள்ளே அடங்கினால் 16. இது மாறிப்போனால் எவ்வளவு திருகினாலும் கதவு சேராது.

கீலின் கையில் இருக்கும் இரண்டு திருகாணிகளில் கதவுக்குப் பக்கத்தில் உள்ளது கதவை இடம் வலமாக நகர்த்தும். பின்னால் உள்ளது முன்னும் பின்னுமாக. அடித்தட்டின் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்தினால் கதவை மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம். மேல்மூலை மட்டும் விலகியிருந்தால் மேல்கீலை மட்டும் தொடுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். மூடிப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. விசை செத்த கீலைத் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் ஏறி உப்பிய துகள்பலகையும் (பார்ட்டிகிள் போர்டு) அப்படித்தான்.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள கதவு ஒரு மழைக்காலத்தில் இடிக்க ஆரம்பித்தது. வந்த தச்சர் ஓரத்தை இழைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் மறுபடி இடித்தது, மறுபடி இழைத்தார். இப்போது ஓரத்தில் நிரந்தரமாக ஒரு புரை. அப்புறம் நானே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்கீலின் அடித்தட்டு ஆடியது. திருகாணி இருந்த துளை ஈரத்தில் பொதபொதவென்று அகன்றுபோய், மரை எதையும் பற்றாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மருந்து முனையை நறுக்கிய மூன்று தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளைக்குள் இறுக்கிச் செருகி, வெளியே நீட்டியதைச் சீவிவிட்டு, ஒரு நாள் முழுக்க காயவிட்டேன். மறுநாள் பழைய திருகாணியையே அதே இடத்தில் வைத்து முடுக்கினேன். கதவு இடிக்காமல் போய் அமர்ந்தது.