'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

"தொழிலெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம், வீட்டு வேலைதான் செய்யுறேன்."

சம்பள பாக்கிக்காக என்னிடம் வந்த அம்மா சொன்னது இது. மனுவில் 'தொழில்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டிருந்தேன். பதினோரு வருஷம் பாத்திரம் துலக்கிய கை, விரலிடுக்கெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. தொழிலாளர் வழக்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்: தன் வேலையைத் தொழில் என்று சொல்லவே இவர்களுக்கு வாய் வருவதில்லை.

'வேலைக்காரி' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பூக்காரியிலும் கெட்டிக்காரியிலும் இருக்கிற அதே 'காரி'தான். உடையவள், செய்பவள் என்று பொருள்; இழிவு ஏதும் இல்லை. ஆனால் பால் ஊற்றுகிற ஆண் 'பால்காரர்' ஆகிறார், 'வந்தார்' என்கிறோம். வீட்டு வேலை செய்கிறவர் அறுபது வயதானாலும் 'வேலைக்காரி', 'வந்தாள்'. பூக்காரம்மா என்று கூப்பிடத் தெரிந்த நமக்கு வேலைக்காரம்மா என்று சொல்ல என்ன தயக்கம்?

பழைய சொற்கள் இன்னும் கனமானவை. வெள்ளாட்டி, தொழுத்தை என்று அகராதியில் தேடினால் பணிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அடிமைப்பெண்ணும் நிற்பாள். சேடி வடமொழியிலிருந்து வந்தது. பிள்ளை பார்த்துக்கொள்கிற 'ஆயா' போர்த்துகீசியர் வழியாக வந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'தாதி'. பழைய நூல்களில் அவள் செவிலித்தாய், பணிப்பெண். இலங்கையில் இன்று மருத்துவமனை நர்ஸுக்கு அதுதான் பெயர். படிப்பு, பணி நேரம், மாதச் சம்பளம் எல்லாம் சேர்ந்ததும் அந்தச் சொல்லைச் சொல்லும் தொனியே மாறிவிட்டது.

சரி, அந்த வழக்குக்கு வருகிறேன். எதிர்த்தரப்பு அனுப்பிய பதிலில் ஒரு வரி: "அவர் எங்கள் வீட்டுப் பெண் போல." பாசமாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளக் கணக்கு கிடையாது, வார விடுப்பும் கிடையாது. வேலைக்காரி என்ற சொல்லை விட இந்த வரிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

சட்டம் வைத்திருக்கும் பெயர் வீட்டுப் பணியாளர். தமிழ்நாட்டில் இவர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் ஒரு பணியிடம். மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். இதைச் சொன்னால், "வீட்டுக்குள்ள நடக்குறதுக்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆமாம், வீட்டுக்குள் நடப்பதற்கும்தான்.

அந்த அம்மாவிடம் ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பைக்குள்ளிருந்து சுருட்டி வைத்த மாதக் காலண்டரை எடுத்தார். லீவு போட்ட நாளெல்லாம் வட்டம், சம்பளம் கைக்கு வந்த நாளில் பெருக்கல் குறி. கடைசி நாலு மாதத்தில் வட்டம் மட்டும்தான் இருந்தது. கட்டத்தில் 'வீட்டுப் பணியாளர்' என்று எழுதி, காலண்டரை மனுவோடு இணைத்தேன்.