செவலையின் மூக்குக்குள் ஒரு மண்பானை

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். வெயில் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. அக்னி நட்சத்திரத்தின் இரண்டாவது வாரம், மதியம் இரண்டு மணி. மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே கட்டட வேலைக்குக் கொட்டிய எம்-சாண்ட் குவியலின் நிழல் பக்கத்தில் செவலை படுத்திருந்தது. தெருநாய்தான். சோறு வைப்பது நாங்கள் என்பதால் அது யாரையாவது துரத்தினால் புகார் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும்.

படுப்பதற்கு முன்னால் முன்னங்காலால் ஒரு சாண் ஆழம் பறித்தது. மேல் மணல் கொதிக்கும், கீழே ஈரம் இருக்கும். முடி குறைவான அடிவயிற்றை அந்தப் பள்ளத்தில் அப்பிக்கொண்டு நாக்கைத் தொங்கப்போட்டது. மூச்சு எண்ண முடியாத வேகம். செல்போனில் ஸ்லோ மோஷனில் பிடித்துப் பிறகு எண்ணினேன். பத்து வினாடிக்கு 48. அதாவது நிமிடத்துக்கு 288. இதே செவலை மார்கழியில் தூங்கும்போது இருபதைத் தாண்டாது.

“அதுக்கு நாக்குலதான்டா வேர்க்கும்” என்பார் அப்பத்தா. ஊரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பாதி சரி. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வேர்ப்பதில்லை. நீர்த்த வியர்வையைச் சுரக்கும் சுரப்பிகள் அதற்குப் பாதத்தின் அடிப்பகுதியில்தான் உண்டு. பயந்துபோன நாய் டாக்டரின் மேசைமேல் ஈரக் கால்தடம் வைப்பது அதனால்தான். ஆனால் இவ்வளவு பெரிய உடம்பைக் குளிர்விக்க அந்த நாலு பாதம் போதாது. நாக்கில் வழிவதும் வியர்வை அல்ல, எச்சில்.

நடப்பது என்னவென்று மானாமதுரைப் பானை வைத்திருக்கும் வீட்டில் விளக்கவே வேண்டாம். பானையின் சுவரில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராமை ஐஸ் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைவரை கொண்டுபோகக்கூட 100 கலோரிதான். ஆவியாவதற்கு அத்தனை பசி. நாய் தன் உடம்புக்குள்ளேயே அப்படியொரு பானையை வைத்திருக்கிறது. அதன் பெரும்பகுதி இருப்பது நாக்கில் அல்ல, மூக்கில்.

நாயின் மூக்குக்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாக மடிந்திருக்கும். அவற்றின்மேல் ஈரச் சவ்வும் அதன் அடியில் ரத்தக் குழாய்களும் உண்டு. மோப்பத்துக்கும் குளிர்ச்சிக்கும் இதே வீடுதான். இந்தச் சவ்வை நனைக்க நாசிக்குப் பக்கவாட்டில் ஒரு சுரப்பி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டிலேயே டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் இந்தச் சுரப்பியை விவரித்துவிட்டார். அது எதற்கு என்பது 1972-இல் நாய்களை வைத்துச் செய்த ஆய்வில்தான் தெளிவானது. 10 டிகிரி செல்சியஸ் குளிரில் அது சுரப்பதே இல்லை. சூடு ஏற ஏறச் சுரப்பும் ஏறி, 50 டிகிரியில் ஒரு சுரப்பி மணிக்குச் சுமார் 10 கிராம் நீரை விட்டது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். க்னுட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1970-இல் காட்டியது இது: மூச்சிரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் காற்றை இழுத்து வாயால் விடுகிறது. ஏன் இந்தச் சுற்றுவழி? உள்ளே போகும் காற்று மூக்கின் ஈரத்தை ஆவியாக்கி அந்த இடத்தைக் குளிர்விக்கிறது. அதே காற்று நுரையீரல் பக்கம் போய்ச் சூடாகி மூக்கு வழியாகவே திரும்பினால், எடுத்துப்போன ஈரத்தையும் சூட்டையும் மறுபடி அங்கேயே இறக்கிவைத்துவிடும். குளிர்காலத்தில் தண்ணீரை மிச்சம்பிடிக்க அது நல்ல ஏற்பாடு. சித்திரையில் ஆகாது. அதனால் வாசல் வழியே வந்த காற்றைக் கொல்லை வழியே அனுப்புகிறது.

நிமிடத்துக்கு முந்நூறு முறை மூச்சு வாங்கினால் அந்த உழைப்பே சூட்டைக் கிளப்பாதா? தூளி ஆட்டுகிறவர்களுக்குப் பதில் தெரியும். தூளிக்கு இயல்பாக ஒரு வேகம் உண்டு. அந்தத் தாளத்தில் ஒரு விரலால் தள்ளினால் போதும். நாயின் மார்புக்கூட்டுக்கும் அப்படி ஓர் இயல்பான தாளம் உண்டு, ஏறக்குறைய அந்த முந்நூறுதான். மிதமாக மூச்சிரைப்பது என்ற பேச்சே நாயிடம் இல்லை. இரைத்தால் அந்த வேகம், இல்லாவிட்டால் சாதாரண மூச்சு. ஒவ்வொரு மூச்சும் ஆழமில்லாமல் மேலோட்டமாகப் போய்வருவதால் ரத்தத்தின் கரியமில வாயுவும் அளவுக்குமேல் வெளியேறிவிடுவதில்லை.

இத்தனை அழகான ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு: புழுக்கம். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏர் கூலரை ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் அறை ஈரச்சாக்காகிவிடும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் புதிதாக ஆவியாவது குறையும். கோடை மழைக்கு முந்தைய மாலையில், மதியத்தைவிடச் சூடு குறைந்திருந்தும், செவலையின் மூச்சு இறங்க மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பக், ஷிட்சு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குப் பானையே உடைந்த பானை. சுருளுக்கு இடமில்லை, நாசித் துவாரம் கீறலாக இருக்கும், மேல்வாயின் பின்பக்கச் சதை தொண்டையை அடைக்கும். காற்றை இழுக்கப் போராடும் போராட்டத்திலேயே சூடு ஏறும். எங்கள் தெருக்கோடியில் ஒரு பக் இருந்தது. போன வருடம் மே மாதம், கடிக்காமல் இருக்க வாயைத் துணியால் கட்டி, மதியம் ஆட்டோவில் ஊசி போடக் கூட்டிப்போனார்கள். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. வாயைக் கட்டுவது, உள்ளே இருக்கும் ஒரே குளிர்சாதனத்தை அணைப்பதற்குச் சமம். வாய்ப்பூட்டு போட்டே ஆகவேண்டுமென்றால் வாயைத் திறந்து மூச்சிரைக்க இடமுள்ள கூடை மாதிரியானதை வாங்குங்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பமே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல், அதற்குச் சௌக்கியம். (மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதை விட்டுவிடலாம். தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும்.) 106-ஐ நெருங்கினால் ஆபத்து. நாக்கின் நுனி கரண்டிபோல அகலும், ஈறு செங்கல் நிறமாகும், நடை தள்ளாடும், சில நாய்கள் வாந்தி எடுக்கும். அப்போது டாக்டரிடம் ஓடுவதற்கு முன்னால் அங்கேயே உடம்பைக் குளிர்விக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நாய் அதிர்ந்து செத்துவிடும் என்ற பழைய பயம் இப்போது மருத்துவர்களிடம் இல்லை. ஆனால் குழாயை அப்படியே திறந்துவிடாதீர்கள். மதுரையில் மே மாதம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீர் டீ போடும் சூட்டில் வரும். டிரம்மிலோ கீழ்த்தொட்டியிலோ மொண்டு, தோல்வரை நனைய ஊற்றி, ஃபேனைத் திருப்பிவைக்க வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிட்டால் துண்டு சூடேறிப் போர்வையாகிவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. எழுந்து வாலாட்டினாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் கெடுவது அடுத்த ஓரிரு நாளில்கூட வெளிப்படலாம்.

ஃபேன் என்றதும் ஒன்று. காய்ந்த நாய்மேல் ஃபேன் போட்டு “பாவம், காத்து வாங்கட்டும்” என்கிறோம். ஃபேன் நம்மைக் குளிர்விப்பது நம் தோலில் வியர்வை இருப்பதால். அறையே 40 டிகிரியில் கொதிக்கும்போது காய்ந்த முடிமேல் வீசுவது அனல்தான்.

எங்கள் பூனை இந்தக் கூத்து எதிலும் சேராது. காலையிலேயே வீட்டின் குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, பெரும்பாலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள், வளைந்து படுத்துவிடும். சூடு கூடினால் உடம்பை நக்கும். முடியில் பூசிய எச்சில் ஆவியாகும்போது குளிர்ச்சி. நாய் வாயைத் திறந்து இரைப்பது அன்றாடம். பூனை இரைத்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. விளையாடி முடித்தோ வண்டியில் பயந்தோ சற்று நேரம் இரைக்கலாம். சும்மா படுத்திருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடோ, இதயமோ, நுரையீரலோ, ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அன்றைக்கே காட்ட வேண்டும்.

அதன் முன்னோர்கள் வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். இரையின் உடம்பிலிருந்த ஈரத்திலேயே காலம் தள்ளியவை. அதனால் தாகம் குறைவு, சிறுநீர் கெட்டி. கடையில் வாங்கும் உலர்ந்த தீனியை மட்டும் போட்டால் வெயிலில் அது இன்னும் கெட்டியாகும். நான் தீனியில் வெந்நீர் விட்டு ஊறவைத்து, ஆறியபின் வைக்கிறேன். கடுவன் பூனை மண்ணைப் பறித்துப் பறித்து உட்கார்ந்தும் சொட்டு மூத்திரம் வரவில்லையென்றால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

நாலரை மணிக்குக் குவியலின் நிழல் தெருவின் பாதிவரை நீண்டிருந்தது. மறுபடி படம் பிடித்தேன். செவலையின் வாய் மூடியிருந்தது. பத்து வினாடிக்கு ஐந்து மூச்சு. கொத்தனார் வந்து சட்டியில் மணல் அள்ளத் தொடங்கியதும் எழுந்து உதறிவிட்டு எங்கள் துவைக்கிற கல்லடிக்கு இடம் மாறியது.