மல்டிகிரிட்: நெய்யரியா, கட்டமா, மட்டமா?

ஏராளமான சமன்பாடுகளை ஒரே சமயத்தில் வேகமாகத் தீர்க்கும் கணக்கு முறை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'மல்டிகிரிட்' என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'மல்டி' லத்தீன் வழி வந்தது. 'பல' என்று பொருள். சுவை 'கிரிட்'டில்தான் இருக்கிறது. நெருப்பின் மேல் வைத்து வாட்டும் இரும்புக் கம்பித் தட்டுக்கு ஆங்கிலத்தில் 'கிரிடயர்ன்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அதன் வாலை வெட்டியதும் கிடைத்த சொல் இது.

வெப்பப் பரவல் மாதிரியான ஒரு கணக்குக்காக ஒரு பரப்பை 1000க்கு 1000 புள்ளிகளாகப் பிரிக்கிறோம் என்று வையுங்கள். இந்தப் புள்ளிக் கட்டம்தான் இங்கே 'கிரிட்'. 10 லட்சம் மாறிகள், அதே அளவு சமன்பாடுகள். ஒவ்வொரு புள்ளியும் பக்கத்து நான்கு புள்ளிகளை மட்டுமே சார்ந்தது. அதனால் சமன்பாடுகளின் எண்களை அடுக்கிய அட்டவணையான அணியின் (இலங்கையில் 'தாயம்') ஒரு வரிசையில் அதிகம் போனால் 5 எண்கள், மற்றதெல்லாம் சுழி. இதுதான் ஐதான அணி.

காஸ்-சைடல் போன்ற முறையில் விடையைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போனால், பிழையின் கரடுமுரடு (புள்ளிக்குப் புள்ளி தாவும் பகுதி) சில சுற்றுகளிலேயே தேய்ந்துவிடும். அப்புறம் ஆமை வேகம்தான். மிஞ்சுவது மழமழப்பான பிழை. அதே பிழையை 500க்கு 500 புள்ளிகளில் வைத்துப் பார்த்தால் மறுபடி கரடாகத் தெரியும்! அங்கே தேய்த்து, இன்னும் கீழே இறங்கி, கிடைத்த திருத்தங்களோடு மேலே ஏறி வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் புள்ளிகள் கால்பங்காகக் குறைவதால், எத்தனை படி இறங்கினாலும் மொத்த உழைப்பு முதல் படியின் உழைப்பைப் போல 4/3 மடங்கைத் தாண்டாது. சோவியத் கணிதர் ஃபெதொரென்கோ 1960களின் தொடக்கத்தில் கண்ட வழி இது; 1970களில் ஆக்கி பிராண்ட் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

சரி, தமிழில்? 'பல்கட்ட முறை' என்றால் பலரும் பல கட்டங்களாக நடக்கும் தேர்தலைத்தான் நினைப்பார்கள். இலங்கைக் கலைச்சொல்லில் கிரிட் என்பது 'நெய்யரி'. நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமையாகச் சொல்லும் அதே நெய்யரி: நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை. திட்டுவதற்கும் இதைத்தான் எடுக்கிறோம். ஆனால் இந்த முறை செய்வதும் அதையேதான். கரடைத் தன்னிடம் நிறுத்தி, மழமழப்பானதைக் கீழ்ப்படிக்கு அனுப்புகிறது. அந்த வகையில் 'பன்னெய்யரி' அழகான சொல்தான். தமிழ்நாட்டு வாசகருக்கு மட்டும் விளக்கவுரை தேவைப்படும்.

என் ஓட்டு 'பன்மட்ட முறை'க்கு. 1980களில் வந்த இயற்கணித மல்டிகிரிட் வகையில் வரைந்த கட்டம் எதுவுமே தேவையில்லை. அணியின் எண்களைப் பார்த்தே அடுத்த மட்டத்தை அமைத்துக்கொள்ளும். அதற்கும் ஆங்கிலத்தில் 'கிரிட்' என்றே பெயர்.