தண்ணீர் பில் திடீரென்று ஏறினால்: கந்தோருக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்து (நெருக்கமான வரிசை வீடுகள்) ஆச்சிக்கு ஒரு மாதம் தண்ணீர் பில் மூன்று மடங்காக வந்தது. வீட்டில் இரண்டே பேர். நீர் வழங்கல் சபைக் கந்தோரில் "மீட்டர் காட்டியதைத்தான் போட்டிருக்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். மறுமுறை, "இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைக் கூட்டி வாங்க." அவர் இறந்து பல வருடம். கடைசியில் பார்த்தால், கொமட் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

மீட்டருக்கு முன்னால் ஒழுகினால் நீர் வழங்கல் சபையின் பொறுப்பு, 1939க்கு அழையுங்கள். மீட்டரைத் தாண்டி ஒழுகினால் உங்கள் காசு. ஒரு அலகு என்பது 1000 லீட்டர். நிமிடத்துக்கு அரை லீட்டர் ஒழுகினாலே 30 நாளில் 21 அலகு தாண்டும். அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுவதால், வீணாகும் தண்ணீருக்குத்தான் ஆகக்கூடிய விலை கொடுக்கிறீர்கள்.

ஆகவே முதலில் வீட்டைப் பாருங்கள். இரவில் மேல் தாங்கி நிரம்பிய பிறகு எல்லாக் குழாயையும் மூடி, மீட்டரைப் போனில் படம் எடுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறக்குமுன் மறுபடி எடுங்கள். இலக்கம் நகர்ந்திருந்தால் ஒழுக்கு இருக்கிறது. கொமட் தொட்டியில் கொஞ்சம் கேக் கலரிங் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள்; கீழே நிறம் தெரிந்தால் அதுதான் ஆள். இந்தப் படங்கள் கையில் இல்லாமல் கந்தோருக்குப் போனால் பேச்சு எடுபடாது.

அடுத்து, பில்லில் உங்கள் கட்டணப் பிரிவைப் பாருங்கள். சமுர்த்தி என்ற அரச உதவி பெற்ற குடும்பங்களுக்கும் தோட்ட வீடுகளுக்கும் குறைந்த கட்டணம் நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆனால் தகுதி இருந்தும் சாதாரணப் பிரிவிலேயே கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தானாக மாறும் என்று காத்திருக்காதீர்கள், கேளுங்கள். இணைப்பு பழைய வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் அங்கேதான் இழுபடும். பெயர் மாற்றத்தை இன்றே தொடங்குங்கள். மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லார் அலகும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். முடிந்தால் தனி மீட்டர் கேளுங்கள்.

முறைப்பாடு கொடுத்தாயிற்று என்று பில் கட்டாமல் இருந்துவிடாதீர்கள், இணைப்பை வெட்டிவிடுவார்கள். வழக்கமாக வரும் தொகையையாவது கட்டி ரசீதை வையுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். அது அரசியலமைப்பு தந்த உரிமை. "சிங்களத்தில் எழுதி வாங்க" என்றால் திரும்பி வரவேண்டாம். ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்வரை அங்கேயே நில்லுங்கள். ஆச்சியிடம் அப்படி ஒரு பிரதி இருந்திருந்தால் மூன்றாம் முறை அலைந்திருக்க மாட்டார்.