பால் வத்தட்டும், பிறகு ஒப்பரேசனைக் கதைப்பம்

இந்த மாசத்தில இது மூண்டாவது ஆள். மூண்டு பேரும் ஒரே மாதிரி, பழைய சீலையைக் கிழிச்சு ஒரு பக்க மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தவை.

கடைசியா வந்த இளம் அம்மாவுக்கு கைக்குழந்தை, நாலு மாசம். இடது பக்கம் பெருத்துப் போச்சு, வலது பக்கம் சின்னன், சாரி கட்டினால் ஒரு பக்கம் எடுப்பாத் தெரியுது எண்டு கவலைப்பட, இறுக்கிக் கட்டினால் வத்தும் எண்டு மாமி சொன்னவவாம். ஆறு நாள் கட்டியிருக்கு. நான் முடிச்சை அவிழ்க்கேக்க அவ பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தவ, சீலை மடிப்பு தோலில பதிஞ்சு கோடு கோடாக் கிடந்தது, கீழ்ப்பக்கம் சிவந்து மினுமினுத்து தொட்டால் நெருப்பு. ஸ்கான் பண்ணினா உள்ளுக்க சிதள். ஊசியால இழுத்தம், திரும்பவும் கட்டிச்சுது, திரும்ப இழுத்தம், கடைசியா தியேட்டருக்குக் கொண்டுபோய் வெட்டித்தான் விட்டது. அடுத்தநாள் வோர்ட்டில ஆள் மெதுவா என்னட்டக் கேக்கிறா, "டொக்டர், வெட்டினனீங்கள் தானே, அப்பிடியே கொஞ்சம் சின்னனாக்கி விட்டிருக்கலாமே" எண்டு.

சிரிக்கிறதா பேசுறதா எண்டு எனக்குத் தெரியேல்ல. அதுதான் நைட் டியூட்டி முடிஞ்சும் படுக்காம இதை எழுதுறன்.

நான் வன்னியில ஒரு ஆஸ்பத்திரியில சேர்ஜிக்கல் பக்கம் வேலை செய்யிறன். எங்கட கிளினிக்கில இருக்கிற திரைச்சீலை பாதிதான் மூடும், அதுக்குள்ள நிண்டுதான் இந்த விசயம் எல்லாம் கதைக்கவேணும், அதால கனபேர் கதைக்காமலே போகினம். நாரி நோ எண்டு துண்டு எடுத்துக்கொண்டு வந்து, நாரிக்கு மருந்தும் வாங்கி, எழும்பிப் போகேக்க கதவடியில நிண்டு "டொக்டர் இன்னொண்டு" எண்டு தொடங்குவினம். கதவடியில சொல்லுறதுதான் உண்மையான வருத்தம், இது டொக்டர்மார் எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கிற பொம்பிளை கிட்டத்தட்ட இல்லையெண்டே சொல்லலாம். கொஞ்ச வித்தியாசம் எல்லாருக்கும் இருக்கு, கனபேருக்கு இடது பக்கம் ஒரு சொட்டுக் கூட இருக்கும். பிள்ளைப்பெறுக்கு முந்தி அதை ஒருத்தரும் கவனிச்சிருக்க மாட்டினம். பால் வந்தாப்பிறகு கண்ணாடியில நிண்டு பாக்கேக்கதான் ஐயோ எண்டு தெரியும்.

இப்ப எனக்கு ஆகக் கோவம் வாற கதைக்கு வாறன். பெருத்த பக்கம்தான் பிழையான பக்கமாம். அதில பால் குடுக்கக்கூடாதாம், கட்டி வத்த வைக்கவேணுமாம். ஆர் அம்மா உங்களுக்கு இதைச் சொன்னது?

வன்னியில கிணறு தெரியாத ஆள் இல்லை. இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காமல் விட்டால் ஊத்து அடைபடும். மார்பு ரெண்டும் ஒரே தாங்கியில இருந்து வாற ரெண்டு பைப் இல்லை, ரெண்டும் தனித்தனிக் கிணறு. மூளையில இருந்து வாற ஓமோன் ரெண்டுக்கும் பொதுதான், ஆனா எவ்வளவு சுரக்கிறது எண்டதை அந்தந்தப் பக்கமே பாத்துக்கொள்ளும், வெறுமையானால் கெதியாச் சுரக்கும், நிரம்பி நிண்டால் சுரக்கிறதைக் குறைக்கும். நீங்கள் வலக்கையால அகப்பையைப் பிடிச்சுக்கொண்டு இடது பக்கம் பிள்ளையை அணைச்சுக் குடுக்கிறியள், ராவில சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரே பக்கமே குடுக்கிறியள், பிள்ளைக்கும் அந்தப் பக்கம் பழகிப்போச்சு, மற்றப் பக்கம் வைச்சாச் சிணுங்குது, சிணுங்கினா நீங்கள் திரும்பவும் பழைய பக்கம் மாத்துறியள். நாலு மாசம் இப்பிடிப் போனா ஒண்டு பெருக்காமல் என்ன செய்யும்? பெருத்த பக்கம் வருத்தக்கார பக்கம் இல்லை, வேலை செய்யிற பக்கம்! அதைப் போய்க் கட்டிப்போட்டா?

உடன ஒரு கேள்வி வரும், கிளினிக்கிலயும் வரும், நிரம்பி நிண்டால் குறையும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அப்ப கட்டினால் குறையும்தானே எண்டு. குறையும். ஆனா ஆறுதலா, நாள்கணக்கில குறைச்சால் குறையும். முழுசாப் பால் ஊறிக்கொண்டிருக்கிற மார்பை ஒரே நாளில அடைச்சு இறுக்கினா பால் குழாய் அமுங்கி அடைபட்டு, கட்டியாகி, கிருமி புகுந்து சிதள் பிடிக்கும். மல்லிகைப்பூ வைச்சுக் கட்டினாலும் சீலை சீலைதான். பூவோட எனக்கொரு கோவமும் இல்லை, இறுக்கிறதோடதான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொருக்காலும் பசியோட இருக்கிற பிள்ளைக்கு முதல்ல சின்னப் பக்கத்தைக் குடுங்கோ, ஏனெண்டால் முதல் பசியிலதான் பிள்ளை வலுவா இழுக்கும். பெரிய பக்கத்தைப் பட்டினி போடாதேங்கோ, இறுகி நொந்தால் சுகம் வாற அளவுக்கு மட்டும் கையால கொஞ்சம் பீச்சி விட்டிட்டு, குளிர்ந்த துணியோ கழுவிக் குளிர வைச்ச கோவா இலையோ வையுங்கோ. ரெண்டு மூண்டு கிழமையில வித்தியாசம் கொஞ்சம் இறங்கும், முழுக்கச் சரிவராமலும் போகலாம். பரவாயில்லை. ஏணையில கிடக்கிறது நிறை கூடி வளருதா, அதைப் பாருங்கோ. பால் குடுத்ததாலதான் தொங்கிப்போச்சு எண்டு சொல்லி மூண்டாம் மாசமே பால்மாவுக்கு மாறுறவைக்கும் ஒண்டு, தொங்குறது பிள்ளை வயித்தில இருக்கேக்கயே தொடங்கின வேலை, எத்தினை பிள்ளை, வயசு, நிறை கூடிக் குறையிறது, இதுகளால வாறது. பால் குடுக்காமல் விட்டவையும் அதே கண்ணாடிக்கு முன்னாலதான் நிக்கினம்.

சரி, பெருத்த மார்பைச் சின்னனாக்கிற ஒப்பரேசன். கட்டாயம் வேணும் எண்டு இருக்கிறவை இருக்கினம், அவையளைப் பாத்து "வடிவுக்கு வெட்டப்போறா" எண்டு நக்கல் அடிக்கிற ஆக்களை எனக்குப் பிடிக்காது, அதில நேர்ஸ்மாரும் அடக்கம், கோவிக்காதேங்கோ. ஒரு பக்கப் பாரத்தில தோளில பிரா பட்டி குழி விழுந்து, கழுத்து நொந்து, கீழ் மடிப்பில வேர்வைக்குத் தோல் உரிஞ்சு, கலியாண வீட்டுக்குக்கூடப் போகாமல் இருக்கிற பிள்ளையளைப் பாத்திருக்கிறன். இது வருத்தம்தான்.

ஆனா பால் ஊறிக்கொண்டு இருக்கேக்க வெட்ட ஏலாது. பால் மார்பு உங்கட உண்மையான அளவு இல்லை, இண்டைக்கு அளந்து வெட்டினா வத்தினாப்பிறகு வேற அளவில நிக்கும். பால் முழுக்க நிப்பாட்டி குறைஞ்சது 6 மாசம் போகவேணும், நிறையும் ஒரு நிலைக்கு வரவேணும். 2 வயசு வரைக்கும் தாய்ப்பால் குடுங்கோ எண்டு சொல்லுறதும் நாங்கள்தான், அதோட இந்த ஆறு மாசத்தையும் கூட்டினா எவ்வளவு எண்டு நீங்களே பாருங்கோ. இதைச் சொன்ன உடன கிளினிக்கில ஒரு பெருமூச்சு வரும். அந்த இடைவெளியில பாதிப்பேருக்கு ஒப்பரேசனே தேவைப்படாமல் போறதையும் பாக்கிறன், வத்தினாப்பிறகு ரெண்டும் கிட்டக்கிட்ட வந்திடும். இன்னும் பிள்ளை வேணும் எண்டு நினைக்கிறவை அந்தப் பிள்ளையையும் பெத்திட்டு வாறதுதான் நல்லது, அடுத்த வயிறு எல்லாத்தையும் திரும்ப மாத்தும், ஒப்பரேசனுக்குப் பிறகு பால் குடுக்க ஏலுமா எண்டதுக்கும் ஒருத்தரும் சத்தியம் பண்ண ஏலாது. அதுவரைக்கும் சின்னப் பக்கத்துக்கு பிராவுக்குள்ள பஞ்சு வைச்சுத் தைச்ச ஒரு பாட் போதும், பிளவுஸ் தைக்கிற அக்காட்டச் சொன்னாத் தைச்சுத் தருவா.

சின்ன வேலை எண்டு நினைச்சுக்கொண்டு வரவும் கூடாது. முழு மயக்கம், ரெண்டு மூண்டு மணித்தியாலம். தோல், கொழுப்பு, சுரப்பி மூண்டிலயும் எடுத்து, காம்பை இரத்த ஓட்டத்தோட சேத்தே மேல நகர்த்தித் தைக்கிறது. தையல் காம்பைச் சுத்தி ஒண்டு, அதில இருந்து நேர கீழ ஒண்டு, மடிப்போட ஒண்டு, முல்லைத்தீவுக்காரருக்கு நங்கூரம் எண்டு சொன்னா உடன விளங்கும். அந்தத் தழும்பு மங்கும், மறையாது, சிலருக்குத் தடிச்சு எழும்பும். காம்பில உணர்ச்சி குறையலாம், தையல் சந்திக்கிற இடம் பிரியலாம், அருமையா காம்புக்கு இரத்தம் போகாமல் கறுத்துப் போறதும் இருக்கு. சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்தாதவைக்கும் வெத்திலையோட புகையிலை போடுறவைக்கும் இது கூட, அம்மம்மாவோட இருந்து ஒரு வாய் போட்டனான் எண்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கோ, நாங்கள் வீட்டில சொல்ல மாட்டம். எடுத்ததை தியேட்டரிலயே தராசில நிறுத்துப் பாத்துத்தான் மற்றப் பக்கத்தோட சமப்படுத்துறது, அப்பிடி இருந்தும் கையால தட்டின ரெண்டு ரொட்டி மாதிரித்தான் வரும், அச்சில வார்த்த மாதிரி வராது.

வீட்டில ஆர் தண்ணி அள்ளுறது? இதை நான் எல்லாரிட்டயும் கேக்கிறன். நாலிலயிருந்து ஆறு கிழமைக்கு வாளி தூக்க ஏலாது, தேங்காய் துருவ ஏலாது, கைபம்பு அடிக்க ஏலாது, ரெண்டு வயசுப் பிள்ளை ஓடிவந்து தூக்கச் சொல்லி அழுதாலும் தூக்க ஏலாது. மனுசன் கொழும்பில வேலை, மாமிக்கு முழங்கால் ஏலாது எண்டால் திகதியைத் தள்ளிப் போடுங்கோ.

இனி இதைக் கொஞ்சம் நிதானமா வாசியுங்கோ. மெல்ல மெல்ல வந்த வித்தியாசம் வேற, திடீரெண்டு ஒரு பக்கம் மாறுறது வேற. கட்டி தட்டுப்பட்டால், தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழி குழியா வந்தால், காம்பு புதுசா உள்ளுக்க இழுபட்டால், இரத்தம் கலந்து வந்தால், ஒழுங்காக் குடிச்ச பிள்ளை ஒரு பக்கத்தை மட்டும் காரணமில்லாமல் விட்டிட்டு அது திரும்பி வராமலே இருந்தால், அளவைப் பற்றிக் கதைக்கிற நேரம் இல்லை அது. முப்பது வயசு தாண்டின ஒரு அம்மா, ஒரு பக்கம் பெருத்துப்போச்சு, சின்னனாக்க ஏலுமோ எண்டு கேட்டு வந்தவ. மூண்டு மாசமா பால் கட்டினது எண்டு ஒரு இடத்தில அன்ரிபயோட்டிக் மாத்தி மாத்திக் குடுத்திருக்கினம், ஒருத்தரும் ஸ்கான் எழுதேல்ல. பால் கட்டி வாற வீக்கம் மருந்துக்கு ரெண்டு மூண்டு நாளில இறங்கத் தொடங்கவேணும், ஒரு முறை மருந்து முடிஞ்சும் கிடந்தால் பாக்கத்தான் வேணும். அவவுக்கு அது கான்சர். பால் குடுக்கிற அம்மாவுக்கும் கான்சர் வரும், பால் குடுக்கேக்கயே ஸ்கானும் எடுக்கலாம், சதையில துளி எடுத்துப் பாக்கிற பயொப்சியும் செய்யலாம், பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது. இளம் டொக்டர்மார் ஆரும் இதை வாசிச்சால், உங்களையும்தான் சொல்லுறன்.

இன்னொரு கூட்டம் இருக்கு, எங்கட பக்கத்தில மட்டும் இவ்வளவு பேர். 2009 யுத்தத்தில எட்டு ஒன்பது வயசில காயப்பட்ட பிள்ளையள், இப்ப அம்மாமார். ஒருத்தி வந்தவ, பால் ஒரு பக்கம்தான் வருகுது, மற்றது வளரவே இல்லை, மாமியாக்கள் குறை சொல்லுகினம் எண்டு. வலது பக்கம் காம்புக்குக் கீழ கையகல வடு, விரலால தடவினா உள்ளுக்க பீஸ் (செல் துண்டு) தட்டுப்படுது. அந்த வயசில மார்பு எண்டு இருக்கிறது காம்புக்குப் பின்னால ஒரு சின்ன முகிழ், அது காயப்பட்டாலோ எரிஞ்சாலோ வயசு வந்தாலும் அந்தப் பக்கம் சரியா வளராது. இடது பக்கம் தனிய நிண்டு பிள்ளைக்கு முழுப் பாலும் குடுத்ததால இன்னும் பெருத்துப் போச்சு. பதினஞ்சு வருசத்துக்கு மேல தன்ர உடம்பில ஏதோ குறை எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறா, ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்ல. பிள்ளையை நிறுத்துப் பாத்தன், வளர்ச்சி அட்டையில கோட்டுக்கு மேலதான் நிக்குது, ஒரு பக்கப் பாலில. அந்த அட்டையை அவவிட்டயே நீட்டி, இதை மாமிட்டக் காட்டுங்கோ எண்டு குடுத்துவிட்டன். இவவுக்கு இடது பக்கத்தை மட்டும் குறைச்சால் காணாது, வலது பக்க வடுவையும் இளக்கவேணும், அது பிளாஸ்டிக் சேர்ஜன்ர வேலை, எங்களுக்குக் கிட்ட யாழ்ப்பாணம், பால் நிண்டாப்பிறகு கடிதம் தாறன் எண்டனான். உடம்பில பீஸ் இருக்கிறவை எம்ஆர்ஐ எழுதினால் கட்டாயம் முதலே சொல்லிப்போடுங்கோ, அது பெரிய காந்தம், இரும்புத் துண்டை இழுக்கும்.

டிக்டொக்கில வாற கிறீமைப் பற்றி எழுதவே அலுப்பா இருக்கு. பூசி ஒரு பக்கத்தைச் சின்னனாக்கவும் ஏலாது, மற்றதைப் பெரிசாக்கவும் ஏலாது, அதைப் பூசின காம்பைத்தான் பிள்ளை வாயில வைக்கிறது. வெளிநாட்டுச் சகோதரம் அனுப்பின காசில ஆரோ புரோக்கரோட கடல் தாண்டிப்போய்ச் செய்துகொண்டு வாறவை, எடுத்த சதையைப் பரிசோதிச்ச றிப்போட் இல்லாமல் வரவேண்டாம், கெஞ்சிக் கேக்கிறன். எடுத்ததை லாப்புக்கு அனுப்பவேணும். அதுக்குள்ள என்ன இருந்தது எண்டு தெரியாமல், பிறகு தையலுக்குக் கிட்ட ஒரு கட்டி வந்தால் அது வெறும் கொழுப்புக் கட்டியோ வேற ஏதுமோ எண்டு நாங்கள் இங்க நிண்டு தலையைச் சொறியிறம்.

முதல்ல உங்கட ஏரியா மிட்வைஃப்ட்டக் கதையுங்கோ, அவ வீட்டுக்கே வருவா, பிள்ளையை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு பக்கத்தில இருந்து காட்டித் தருவா, என்னைவிட அவவுக்கு இது நல்லாத் தெரியும். கட்டி கிட்டி எண்டால் நேர எங்களிட்ட வாங்கோ, கர்ப்பவதி அட்டையும் கிளினிக் கொப்பியும் கொண்டு வாங்கோ, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாங்கோ, பசிச்சால் அங்கயே குடுக்கலாம். திரைச்சீலைக்கு மற்றப் பக்கம் நான் ஒரு பெட்சீற் கட்டி வைச்சிருக்கிறன்.

உங்கட சீலையை மட்டும் வீட்டிலயே அவிட்டு வைச்சிட்டு வாங்கோ.