தாமதமாக வந்த சரக்கை யார் சோதிப்பார்கள்?

தர ஆலோசனைக்காக ஒரு சிறு தொழிற்கூடத்துக்குப் போனால், முதலாளி முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது இன்ஸ்பெக்‌ஷன் மேஜையைத்தான். வெர்னியர், மைக்ரோமீட்டர், கேலிபரேஷன் ஸ்டிக்கர் எல்லாம் பளிச்சென்று இருக்கும். நான் கேட்பது ஸ்டோர்ஸ் பதிவேட்டை. சரக்கு வந்த தேதி, சோதித்த தேதி, உற்பத்திக்குப் போன தேதி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ரிஜெக்‌ஷன் எங்கே பிறக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

ஒரு நிறுவனத்தில் ரப்பர் சீல் நான்கு நாள் தாமதமாக வந்தது. மறுநாள் காலை டிஸ்பேட்ச். ஸ்டோர்ஸ்காரர் பெட்டியை நேராக அசெம்பிளிக்கு அனுப்பிவிட்டார். சோதித்ததாகக் கையெழுத்து சாயங்காலம் போடப்பட்டது. சீலின் கடினத்தன்மை சரியில்லை, அதைப் போட்டு அனுப்பிய மொத்த லாட்டும் (ஒரே தொகுதியாகப் போன சரக்கு) திரும்பி வந்தது. திட்டு வாங்கியவர் இன்ஸ்பெக்டர். நானும் என் அறிக்கையில் "சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்" என்றுதான் எழுதிக் கொடுத்தேன். இன்று அப்படி எழுதமாட்டேன்.

ஏனென்றால் சாம்பிளால் ஆகக்கூடியது கொஞ்சம்தான். நூற்றுக்கு 2 பழுதான ஒரு பெரிய லாட்டில் 5 துண்டுகளை எடுத்துப் பார்த்தால், பத்தில் ஒன்பது முறை ஒரு பழுதுகூடக் கண்ணில் படாது. 50 எடுத்தாலும் மூன்றில் ஒரு முறைக்கு மேல் அந்த லாட் தப்பித்துப் போகும். அப்புறம் இன்னொரு கணக்கு. 20 பாகங்கள் சேர்ந்து ஒரு பொருள், ஒவ்வொரு பாகத்திலும் நூற்றுக்கு 99 நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பாகமும் நல்லதாக அமையும் பொருள்கள் நூற்றுக்கு 82 அளவில்தான். மீதி ரீவொர்க் (திருத்தித் திரும்பச் செய்வது), இல்லையென்றால் வாடிக்கையாளரின் புகார்.

சோதனையை நம்பித் தரத்தைக் கொண்டுவரப் பார்க்காதீர்கள், விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று அமெரிக்கத் தர நிர்வாக அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகத்துக்கான தன் 14 அம்சங்களில் அடுத்தடுத்துச் சொல்கிறார். முன்னதை இன்ஸ்பெக்டருக்கும் பின்னதை பர்ச்சேஸுக்கும் என்று நாம் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். இரண்டும் ஒரே வேலை என்பது என் கட்சி.

ஒரு பொருளுக்கு ஒரே சப்ளையரை நோக்கிப் போகவேண்டும் என்றும் டெமிங் சொல்கிறார். இதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு பெரும்பாலும் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். டொயோட்டாவின் அசெம்பிளி ஆலைகள் நின்றன. மற்ற சப்ளையர்கள் ஓடிவந்து அந்த வால்வைச் செய்துகொடுத்ததால் சில நாட்களில் மீண்டார்கள். நமக்கு அப்படி யார் ஓடிவருவார்கள்? அதனால் பெரும்பங்கை ஒருவருக்குக் கொடுங்கள். இரண்டாமவருக்கும் அவ்வப்போது சின்ன ஆர்டர் போய்க்கொண்டே இருக்கட்டும். நெருக்கடி நாளில் முதல்முறையாக போன் செய்தால் அவர் உங்கள் டிராயிங்கைத் தேடி எடுக்கவே ஒரு நாள் ஆகும்.

சப்ளையரை எடைபோடும்போது சராசரி லீட் டைமை, அதாவது ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு வந்துசேர ஆகும் நாளை, மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஏழு நாள் என்று சொல்லி ஐந்திலும் தருவார், பதினைந்திலும் தருவார் ஒருவர். பன்னிரண்டு என்று சொல்லிப் பன்னிரண்டில் தருவார் இன்னொருவர். நான் இரண்டாமவரிடம்தான் வாங்குவேன். முதலாமவருக்காக எப்போதும் கூடுதல் சரக்கை அடுக்கி வைக்கவேண்டும். அதில் பணம் முடங்கும், ரப்பர், பசை மாதிரி காலாவதியாகும் பொருளென்றால் தரமும் போகும்.

சரி, அந்த சீல் கதைக்கு வருகிறேன். சில மாதம் கழித்து அதே கூடத்துக்கு வேறு வேலையாகப் போனேன். பதிவேட்டைப் புரட்டினால் அதே சப்ளையர் திரும்பத் திரும்பத் தாமதம். என்ன விஷயம் என்று அவரிடமே கேட்டேன். "என் மூன்று பில் தொண்ணூறு நாளாக நிற்கிறது சார். பணம் கொடுத்தவர் வேலையை முதலில் மெஷினில் ஏற்றுகிறேன், இவர்களுடையதைக் கடைசியில் ஏற்றுகிறேன்" என்றார். கடைசியில் ஏற்றிய ரப்பர், சூட்டில் முழுதாக வேகவேண்டியது, ஷிப்ட் முடிகிற அவசரத்தில் வெந்தும் வேகாமலும் வெளியே வந்திருக்கிறது. கணக்குப் பிரிவில் தொடங்கிய தாமதம் சப்ளையர் வழியாக வந்து இன்ஸ்பெக்டரின் தலையில் விடிந்திருக்கிறது.

இப்போது அங்கே திங்கட்கிழமை காலையில் பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், இன்ஸ்பெக்‌ஷன், கணக்கு நால்வரும் கால் மணி நேரம் நின்றபடியே பேசுகிறார்கள். அந்த வாரம் வரவேண்டிய சரக்கு, ஒவ்வொன்றையும் சோதிக்க எத்தனை மணி நேரம், யார் பில் நிற்கிறது என்று மூன்றே கேள்வி. டிஸ்பேட்ச் தேதியை அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளருக்குச் சொல்கிறார்கள்.