வெண்துரு அல்ல, நீறு

பழைய ஆம்ப்ளிஃபயர் விற்பவர் ‘வெண்துரு நீக்கியது’ என்கிறார். துடைக்கும் திரவத்தின் சீட்டை மொழிபெயர்த்தவரும் அலுமினியத்தில் படரும் வெள்ளைப் பொடிக்கு அதையே எழுதுகிறார். பாம்பன் காற்றில் பெட்டிகளைப் பராமரிப்பவர்களுக்கு இந்தச் சொல் ஒத்துவராது.

துரு இரும்புக்கு. செம்புக்கும் பித்தளைக்கும் களிம்பு. சைவ சித்தாந்தம் ஆணவத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான், ‘பச்சைத் துரு’ அல்ல. வெள்ளையாகப் படிந்தால் பூத்தல்: சுவரில் உப்புப் பூக்கிறது, நெருப்பில் நீறு பூக்கிறது. அலுமினியத்துக்கும் நீறு பூத்தல் போதும். ‘பூப்பு’ என்று பெயராக்கினால் சடங்கு வீட்டு வாசனை வந்துவிடும், வினையாகவே இருக்கட்டும்.

‘வெள்ளையாக இருக்கிற துருதானே’ என்பார்கள். இல்லை. துரு உதிரும், உதிர்ந்த இடத்தில் இரும்பை மறுபடி தின்னும்; 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது அதனால்தான். அலுமினிய ஆக்சைடோ ஒட்டிக்கொண்டு அடியிலுள்ளதைக் காக்கும். ஆம்ப்ளிஃபயரின் முகப்புத் தகட்டில் அந்தப் படலத்தை ஆனோடைசிங் செய்து தொழிற்சாலையே தடிப்பாக ஏற்றி அனுப்புகிறது. கீறல் விழுந்து கடலுப்பு புகுந்த இடத்தில்தான் நீறு பூக்கும். துரு என்று படித்தவர் கடையில் துருநீக்கி கேட்பார். அதில் பெரும்பாலும் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் நீறோடு சேர்த்துக் காப்புப் படலத்தையும் அரிக்கும். தகடு திட்டுத்திட்டாக வெளிறிப் போகும், எந்த பாலிஷும் அதைத் திருப்பித் தராது. எஃகு அடிச்சட்டத்தின் துத்தநாகப் பூச்சில் வரும் வெள்ளையைத் தொழில்காரர்கள் வெண்துரு என்பதுண்டு. அங்கேயே அது இருந்துகொள்ளட்டும்.

நீற்றுக்கு வேண்டியது தண்ணீர். பிளக்கைப் பிடுங்கி, குமிழ்களைக் கழற்றி, அரை லிட்டர் நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு விட்டு, இறுகப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். காய்ந்த துணியை முதலில் வைத்தால் உப்புப் பரல் கீறிவிடும். போர் தண்ணீர் வேண்டாம், இந்தக் கரையில் அது காய்ந்தாலே உப்புப் பூக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. அச்செழுத்தில் தின்னர் படவே கூடாது. குமிழ்களைச் சோப்பு நீரில் கால் மணி ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். குழி விழுந்த இடம் குழியாகவே இருக்கும்.

பின்பக்க சாக்கெட்டில் பச்சை இருந்தால் அது களிம்பு. குத்துவிளக்கு விளக்கிய கை உடனே புளியைத் தேடும். வேண்டாம்: நிக்கல் முலாம் மெல்லியது, தேய்ந்தால் பித்தளை வெளியே வந்து மறுபடி களிம்பேறும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும்.

துரு, களிம்பு, நீறு மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்த அதே மொழிபெயர்ப்பாளர்தான் துடைத்துப் புதுக்குவதை ‘மறுசீரமைப்பு’ என்கிறார். 1956இல் மாநிலங்களின் எல்லையைத் திருத்திய சட்டத்தின் சொல் அது. இப்போது வால்யூம் குமிழைக் கழுவ வந்திருக்கிறது.